ஒளி கத்தியான கதை



சிங்கப்பூருக்குப் போனவர்கள் தேக்காவைப் பார்க்காமல் திரும்புவது அரிது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, சந்தையில் மீனும் முருங்கைக்காயும் வாங்கி, ஒரு வாழையிலைச் சாப்பாடும் முடித்தால்தான் பயணம் நிறைவு பெறும். அந்தச் சந்தைக்கு எதிர்ப்புறம், புக்கிட் தீமா சாலை ஓரத்தில், பெரியதொரு மருத்துவமனை நிற்கிறது. பெயர்ப் பலகையில் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை என்று இருக்கும். கே.கே. என்பது யாரோ ஒரு துரையின் பெயர் என்று நாமும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். அப்படியன்று. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. எருமைக் கொட்டில் என்று பொருள். எருமைச் சாலை, கெர்பாவ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வாணிகம் செய்தவரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலை ஆகியவையெல்லாம் அந்த மாட்டுக் காலத்தின் மிச்சங்களே. பால்காரர்களும் வண்டிக்காரர்களும் நம்மவர்களாகவே இருந்தபடியால், தமிழர்கள் அங்கே கூடினார்கள். ஊர் பிறந்தது.

பெண்களின் ஒரு நோயைப் பற்றியும், அந்நோயை ஒளியால் எரித்து நீக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றைப் பற்றியும் இன்று பேசப் போகிறோம். அதற்கு எருமைக் கொட்டிலிலிருந்து தொடங்குவானேன் என்று கேட்பீர்கள். பொறுத்திருந்து கேளுங்கள்.

எம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு தாயார் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அத்தை. ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு, பிள்ளைகளெல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, வகுப்பறைக் கதவருகே வந்து நின்றார். கடிதம் எழுத வேண்டுமாக்கும் என்று நினைத்தோம். "டீச்சர், ஒன்னு சொல்லணும், யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். கீழே, மறைவிடத்தில், நான்கு ஆண்டுகளாக அரிப்பு. பட்டணத்துக் கிளினிக் ஒன்றில் ஒவ்வொரு முறையும் களிம்பு கொடுத்தார்கள். ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இவரும் காட்டவில்லை. பார்க்கிறேன் என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பேன் என்றே சொன்னார். இப்போது ஓரிடத்தில் தோல் தடித்து, கறுத்தும் வெளுத்தும் கிடக்கிறது என்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய கவலை. மருமகளிடம் நாமே பேசினோம். அடுத்த வாரம் அத்தை பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போனார்.

அந்தப் பாலத்திற்கும் கே.கே. மருத்துவமனைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், கண்டாங் கெர்பாவில் ஏழைகளுக்கான இலவசப் பிரசவ மருத்துவமனை தொடங்கியது. பெரியவர்களுக்கு 30 கட்டில்கள், குழந்தைகளுக்கு 12 தொட்டில்கள், அவ்வளவுதான். அதற்கும் முன்பு, 1860-களில், அதே வட்டாரத்தில் பொது மருத்துவமனை இருந்தது. 1873-இல் காலரா பரவியபோது நோயாளிகளை அங்கிருந்து வேறிடத்திற்கு மாற்றினார்கள்.

30 கட்டில்களோடு தொடங்கிய அந்த இடத்தில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனை பிரசவங்கள் உலகில் வேறெங்கும் இல்லை என்று கின்னஸ் புத்தகம் எழுதிக்கொண்டது. நாளொன்றுக்கு நூறுக்கு மேல் என்று கணக்குப் பார்த்தால், அங்கிருந்த தாதியரின் கால்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பது விளங்கும்.

அங்கே தலைமை வகித்தவர்களுள் பெஞ்சமின் ஷியர்ஸ் குறிப்பிடத்தக்கவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பொறுப்பேற்று மருத்துவமனையை நடத்தியவர். பின்னாளில், 1971 முதல் 1981 வரை, சிங்கப்பூரின் அதிபராகவும் இருந்தார். பிரசவம் பார்த்த கைகள் நாட்டின் முத்திரையையும் பிடித்தன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவருக்குப் பின் வந்த தலைமுறையில் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் ரத்னம் பெரும் பெயர் பெற்றார். 1970 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேறு, மகளிர் மருத்துவத் துறையை நடத்தினார். சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1983-இல் அவருடைய குழுவின் முயற்சியால் பிறந்தது.

பிரசவத்தில் தாய் சாவது குறைந்த பிறகுதான் பெண்ணின் மற்ற நோய்களைப் பார்க்க மருத்துவர்களுக்கு நேரம் கிடைத்தது என்பது எம் எண்ணம். வீடு தீப்பற்றி எரியும்போது கூரையின் ஒழுகலை யார் பார்ப்பார்கள்? கருப்பைக் கழுத்துப் புற்று முதலில் கவனத்திற்கு வந்தது. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்று அதைவிட மிக அரியது. அதனால் அதற்கு முந்திய மாற்றங்கள் நெடுங்காலம் ஒரு மூலையிலேயே கிடந்தன.

புற்றுக்கு முந்திய மாற்றம் என்றால் என்ன? தோலின் மேலடுக்கில் உள்ள உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் மாறத் தொடங்குகின்றன. ஆனால் அடியிலுள்ள வரம்பைத் தாண்டவில்லை. நாற்று மேட்டில் களை முளைத்துவிட்டது, வேர் இன்னும் ஆழம் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் நகரத்துத் தோல் மருத்துவர் போவென் 1912-இல் இத்தகைய மாற்றத்தைத் தோலில் கண்டு எழுதினார். பெண்ணுறுப்பின் வெளித்தோலில் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வைரஸ் என்பது மிகவும் பின்னால் தெரிந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983-இல் எச்.பி.வி. வைரசின் 16-ஆம் வகையைக் கருப்பைக் கழுத்துப் புற்றில் கண்டறிந்தார். அதற்காக 2008-இல் நோபெல் பரிசு பெற்றார். அதே 16-ஆம் வகைதான் இங்கும் முதன்மைக் குற்றவாளி. புகைபிடிப்போருக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றியோருக்கும் ஆபத்து கூடுதல். வயதான பெண்களுக்கு, வைரசுக்குத் தொடர்பின்றி, தோல் வெளுத்துச் சுருங்கும் நாட்பட்ட நோய் ஒன்றன் வழியாகவும் இம்மாற்றம் வருவதுண்டு. இந்த இரண்டாவது வகை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் விரைவில் புற்றாகக்கூடியது. ஆதலால் அதை வெட்டி எடுப்பதே வழக்கம்.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? சொல்லவே மனம் கூசுகிறது. முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். புற்றுக்கு அது உயிர் காத்தது உண்மை. ஆனால் புற்றாகாத மாற்றத்திற்கும் அதே தண்டனை! இளம் மனைவியர் பலர் அப்படி உறுப்பிழந்து வீடு திரும்பினார்கள். 1968-இல் ரட்லெஜ், சின்க்ளேர் என்னும் இரு மருத்துவர்கள், நோயுற்ற தோலை மட்டும் உரித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டும் முறையை வெளியிட்டார்கள். அது ஒரு படி முன்னேற்றம். வேறொரு கருவி வேண்டும், மெல்லிய அடுக்கை மட்டும் நீக்கும் கத்தி வேண்டும் என்ற தேவை இருந்துகொண்டே வந்தது.

ஒளியால் தோல் நோயைக் குணப்படுத்துவது நமக்குப் புதிதன்று. வெண்புள்ளி கண்டவர்களுக்குக் கார்போகரிசியைப் பூசி வெயில் படவைக்கும் வழக்கம் நம் நாட்டு வைத்தியத்தில் உண்டு. மேல்நாட்டில் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் பின்சன் என்பவர் விளக்கொளியைக் குவித்து முகத்தை அரிக்கும் தோல் காசநோயைக் குணப்படுத்தி, 1903-இல் நோபெல் பரிசு பெற்றார். இவையெல்லாம் ஒளியை மருந்தாகப் பயன்படுத்தியவை. ஒளி கத்தியானது பிறகுதான்.

1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மேமன் என்பவர் மாணிக்கக் கல் தண்டு ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். விளக்கின் ஒளி சந்தைக் கூட்டம் போன்றது. ஆளுக்கொரு திசையில் போகும். லேசர் ஒளியோ அணிவகுத்த படை. ஒரே நிறம், ஒரே நடை, ஒரே திசை. ஆதலால் அதை ஊசி முனையளவு இடத்தில் குவிக்க முடியும்.

ஆனால் மாணிக்க லேசர் அறுவைக்கு ஏற்றதாக அமையவில்லை. ஏற்ற லேசரைத் தந்தவர் ஓர் இந்தியர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938-இல் பிறந்து, பூனாவில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த குமார் பட்டேல், 1964-இல் கரியமில வாயுவிலிருந்து லேசர் ஒளியை உண்டாக்கினார். சோடாப் புட்டியில் பொங்குகிறதே, அதே வாயு! அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதன் சிறப்பு, அதைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்ளும் என்பது. நம் உடம்பின் தசையும் தோலும் பெரும்பகுதி தண்ணீர். ஒளி பட்ட இடத்து உயிரணுவிலுள்ள நீர் நொடியில் கொதித்து ஆவியாகிறது, உயிரணுவும் கூடவே மறைகிறது. பக்கத்திலும் அடியிலும் உள்ளவை பெரும்பாலும் தப்பிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கத்தியை எப்படிக் குறி வைப்பது? அதனுடன் மெல்லிய சிவப்பொளி ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறார்கள். சிவப்புப் புள்ளி விழும் இடமே கத்தி விழும் இடம். சுற்றிலும் ஈரத் துணியை விரித்துவைப்பார்கள். தவறி வரும் ஒளியைத் துணியின் நீரே விழுங்கிவிடும்.

1973-இல் இஸ்ரேல் நாட்டு மருத்துவர் ஐசக் கப்ளானும் அவர் துணைவர்களும் இதைக் கருப்பைக் கழுத்துப் புண்களுக்குப் பயன்படுத்தினார்கள். பெண்ணுறுப்பின் வெளித்தோலில் வரும் முன்புற்று மாற்றத்திற்கு இதனால் சிகிச்சை செய்த அனுபவத்தை அமெரிக்க மருத்துவர்கள் பாகிஷும் டோர்சியும் 1981-இல் எழுதினார்கள். அதன் பிறகு உலகெங்கும் பரவியது.

இதில் கைத்திறன் எங்கே இருக்கிறது என்றால், ஆழத்தில். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் உள் மரத்தில் காயம் பட்டு, பட்டை முண்டு முண்டாக வளர்ந்து, அந்தப் பக்கம் பிறகு உதவாமல் போகும். உள் மரத்திற்கு மேலே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பட்டையை விட்டுவைக்கத் தெரிந்த கைதான் நல்ல கை. மரத்தைக் கெடுக்காமல் வெட்டும் இந்த முறையே சிங்கப்பூரில், நம்மவர் பூமலை என்று அழைக்கும் பூங்காவில், ரிட்லி துரை ஆராய்ந்து கண்டதுதான். லேசர் மருத்துவருக்கும் அதே கணக்கு. முடி முளைக்காத தோலில் 1 முதல் 2 மில்லிமீட்டர் போதும். முடி உள்ள இடத்தில் மாற்றம் முடிக்கால் வழியாக இறங்கி ஒளிந்திருக்கும். அங்கே சுமார் 3 மில்லிமீட்டர் போக வேண்டும். அதற்கும் கீழே போனால் தழும்பு. மேலேயே நின்றால் நோய் திரும்பும்.

எந்த இடம் வரை நோய் பரவியிருக்கிறது என்பதைக் காணவும் நம் தோட்டத்துப் பொருள் ஒன்று உதவுகிறது. ரப்பர் பாலை உறைய வைக்க அசிட் ஊற்றுவோம் அல்லவா? முற்காலத்தில் அதற்கு அசிட்டிக் அமிலத்தையே பயன்படுத்தினார்கள். அதே அமிலத்தை நன்றாக நீர்த்து, தோலில் ஒற்றி வைத்துச் சில நிமிடம் பொறுத்தால், மாறிய இடங்கள் வெளுத்துத் தெரியும். ஹின்செல்மன் என்னும் ஜெர்மானியர் 1925-இல் அமைத்த பெரிதாக்கிக் காட்டும் கருவியின் வழியாக அதைப் பார்ப்பார்கள். பார்த்தால் மட்டும் போதாது. சிறு துண்டு எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். இது மிக முக்கியம். கத்தியால் வெட்டினால் வெட்டிய துண்டைச் சோதித்து, உள்ளே புற்று இருந்ததா என்று அறியலாம். லேசரோ எல்லாவற்றையும் ஆவியாக்கிவிடுகிறது. பிறகு சோதிக்க ஒன்றுமிராது. முன்னரே துண்டெடுத்து, புற்று இல்லை என்று உறுதி செய்யாமல் லேசரைத் தொடுவது குற்றம் என்றே சொல்வோம். புகையிலும் எச்சரிக்கை வேண்டும். மருக்களை லேசரால் எரித்தபோது எழுந்த ஆவியில் வைரசின் மரபுப் பொருள் இருந்ததை 1988-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே மருத்துவர் அருகே ஒரு குழாய் புகையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

வெட்டாமல், எரிக்காமல், ஒளியால் நோயுயிரணுவை மட்டும் கொல்ல முடியாதா என்ற ஆசையும் பழையது. 1900-இல் மியூனிக் நகரத்தில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், ஒருவகைச் சாயம் கலந்த நீரில் விட்ட நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டால் விரைவில் மடிவதையும், இருட்டில் அப்படி மடியாததையும் கவனித்தார். சாயம் மட்டும் கொல்லவில்லை, ஒளி மட்டும் கொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தே கொன்றன. இவ்வழியில் வளர்ந்தது ஒளியியக்கச் சிகிச்சை. கனடாவில் கென்னடியும் பாட்டியரும் 1990-இல் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். இரத்தச் சிவப்பை உண்டாக்க நம் உடம்பே செய்துகொள்ளும் ஓர் அமிலத்தைக் களிம்பாக்கித் தோலில் பூசினால், மாறிய உயிரணுக்கள் அதிலிருந்து ஒளிக்கு மசியும் பொருளை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றன. சில மணி நேரம் கழித்துச் சிவப்பொளியைக் காட்டினால், உயிரணுவிலுள்ள ஆக்சிஜன் நச்சாக மாறி அதை அழிக்கிறது. தழும்பு அரிது, உறுப்பின் வடிவம் கெடாது. ஆனால் ஒளி படும்போது எரிச்சல் கடுமையாக இருக்கும். மேலும் ஒரு செய்தி நமக்கு முக்கியம். கறுத்த, தடித்த திட்டுகளில் இம்முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. கருநிறப் பொருள் ஒளியை வழியிலேயே மறித்துக்கொள்கிறது. கரியமில வாயு லேசருக்கு அந்தத் தடை இல்லை. அதற்கு நிறம் தெரியாது, நீர்தான் தெரியும். சிங்கப்பூரில் 1999-இல் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய் மையமும் ஒளியியக்க முறையில் பல ஆய்வுகள் செய்திருக்கிறது.

இவற்றோடு கத்தி மறைந்துவிடவில்லை. ஒரே திட்டாக, முடி உள்ள இடத்தில், அல்லது புற்று என்ற ஐயத்தோடு இருந்தால் வெட்டி எடுப்பதே மேல். இமிகிமோட் என்னும் களிம்பு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி நோயைத் தாக்கச் செய்கிறது. 2022-இல் ஆஸ்திரியாவிலிருந்து வெளிவந்த ஆய்வு, அறுவைக்கு அது குறைந்ததன்று, இரண்டிலும் பத்தில் எட்டுப் பேருக்கு ஏறத்தாழ முழுக் குணம் கிடைத்தது என்று காட்டியது. எந்த முறையானாலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்ப வரலாம். சிகிச்சை முடிந்தது என்று அட்டையைத் தூக்கிப் பரணில் போட முடியாது.

லேசர் என்ற சொல்லுக்கு இன்று பட்டணங்களில் ஒரு கவர்ச்சி வந்துவிட்டது. பெண்ணுறுப்பை இளமையாக்குகிறோம் என்று லேசர் விளம்பரம் செய்வோரும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பயன்பாட்டிற்கு அங்கீகாரம் இல்லை, தீக்காயமும் வடுவும் நேர்ந்திருக்கின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. அந்த விளம்பரத்திற்கும் நாம் பேசும் சிகிச்சைக்கும் பெயரில் மட்டுமே உறவு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த வைரசுக்குத் தடுப்பூசி 2006-இல் வந்தது. மலேசியாவில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாக 2010-இல் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவியருக்கு இலவசமாகப் போடுகிறார்கள். எம்மிடம் படித்துப் போன ஒரு பிள்ளையின் தகப்பனார், இடைநிலைப் பள்ளியிலிருந்து வந்த ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திடாமல் எம்மிடம் கொண்டுவந்தார். "பச்சப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர் இந்த ஊசி?" என்று கேட்டார். பச்சைப் பிள்ளையாக இருக்கும்போது போட்டால்தான் நன்றாகப் பலிக்கும் என்பதை விளக்க ஒரு மாலைப் பொழுது முழுதும் ஆனது. அத்தையின் பெயரைச் சொல்லாமல் அவர் கதையைச் சொன்னோம். கையெழுத்துப் போட்டார்.

அத்தைக்குச் சிங்கப்பூரில் ஒரு பெண் மருத்துவர் முதல் நாளே துண்டெடுத்துப் பார்த்தார். புற்று இல்லை, அதற்கு முந்திய மாற்றம், வைரஸ் வகை. முடியில்லாத இடம் என்பதால் லேசர் போதும் என்று முடிவு செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்து, மறுநாள் வீட்டிற்கு அனுப்பினார்கள். முதல் பத்து நாள் வலி கடுமையாகத்தான் இருந்ததாம். வெதுவெதுப்பான உப்பு நீரில் உட்கார்ந்து எழுந்து, நான்கு வாரத்தில் புண் ஆறியது. இப்போது ஆறு மாதத்திற்கு ஒருமுறை போய்க் காட்டிவருகிறார். போகும் நாள்களில் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கி, கே.கே.யின் பழைய கட்டடங்களைக் கடந்து தேக்காச் சந்தைக்கு நடப்பாராம். மருத்துவமனை 1997-இல் சாலைக்கு மறுபுறம் புதிய இடத்திற்கு மாறிவிட்டது. பழைய கட்டடங்களில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. "அங்கதான் டீச்சர் எங்கம்மா என்னைப் பெத்தாங்க" என்று சென்ற மாதம் சொன்னார். அவருடைய பிறப்புச் சூராவை எடுத்துப் பார்த்தோம். கண்டாங் கெர்பாவ் என்றே எழுதியிருந்தது.